பெயிண்ட் இருக்கட்டும், பிரேக் ஆயில பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம். 2005லயே டொயோட்டா குவாலிஸ் வண்டி தயாரிக்கறத நிறுத்திட்டாங்க, ஆனா இன்னும் கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி எறங்குது, சந்தோஷம்தான், இன்ஜின் ஆயில் மாத்துறவங்க பிரேக் ஆயில மட்டும் மறந்துடுறாங்க, அது காத்துல இருக்க ஈரத்த இழுக்கும் சார், டாட் 3ங்கற வகை பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரம் ஏறிட்டா 140லயே கொதிச்சுடும், எறக்கத்துல பிரேக் சூடாகி ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போவும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்கப்பா. ஆர்சி புதுப்பிக்க பெயிண்ட் அடிக்கிற காசுல பாதி கூட ஆகாது.

இன்னொன்னு, வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு கீழ படுக்காதீங்க, ஸ்டாண்டு வைங்க. பின் சக்கரம் ரெண்டையும் தூக்கிட்டா ஹேண்ட்பிரேக் எதுக்கும் உதவாது, அது பின் சக்கரத்ததான் புடிக்கும், முன் சக்கரத்துக்கு கட்டை குடுங்க.

- ஒரு வாசகர், நாமக்கல்