சூடானின் தவிலாவில் இருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

போன வாரம் அனுப்பிய செய்திக்கு இன்னும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. அங்கே சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு என்று தெரியும், அதனால் கோபமில்லை. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். அவளுடைய பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அண்ணன் தன் முடிவைப் பற்றித் தானே உனக்கு எழுதுவதாகச் சொன்னான், நான் நடுவில் நுழையவில்லை. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடைசியாக வீடியோவில் வந்தபோது உன் கழுத்தெலும்பு தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்றாய். சரி.

நீ நர்ஸாக அந்த முகாமுக்குப் போனதிலிருந்து சூடானைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் படிக்கிறேன். மதகும் வாய்க்காலுமாகவே காலம் தள்ளியவன் அல்லவா, முதலில் கெசிராவைத்தான் தேடிப் படித்தேன். நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவில், 1925-இல் சென்னார் அணை கட்டித் தண்ணீர் விட்ட நிலம். பம்பு வேண்டாம், நிலத்தின் சரிவிலேயே நீர் பாயும். எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல். அப்படியொரு பாசனம் இருக்கிற நாட்டிலா பஞ்சம் என்று ஆறவே இல்லை எனக்கு. 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்கிற துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. அந்த டிசம்பரில் கெசிராவின் தலைநகரான வாத் மதனி ஆர்.எஸ்.எஃப். கைக்குப் போனது. டிராக்டரையும் விதையையும் சூறையாடினார்கள். விவசாயி ஊரை விட்டு ஓடினான். தூர் வார ஆளில்லாத வாய்க்கால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒரு பருவம் விதைப்பு நின்றால் அந்த வருஷத்துச் சாப்பாட்டோடு அடுத்த வருஷத்து விதையும் போகும். அந்த ஊரில் இருந்த விதை வங்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் ஒரு பகுதியின் நகல் ஏற்கெனவே நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைக் கிடங்குக்குப் போயிருந்ததாம். அந்த மட்டும் தப்பித்தது.

மழை பொய்த்து வரும் பஞ்சத்தில் யாரைக் குறை சொல்ல? வட டார்ஃபரின் தலைநகரான எல் ஃபாஷரில் நடந்தது அப்படியில்லை. 2024-இல் ஆர்.எஸ்.எஃப். முற்றுகை போட்டு, 2025 அக்டோபரில் நகரம் விழும் வரை, ஒன்றரை வருஷம் உள்ளே எதையும் விடவில்லை. ஊரைச் சுற்றி மண்ணை வாரிக் கரை எழுப்பினார்கள். தண்ணீரைத் தேக்கத்தான் கரை போட்டு எனக்குப் பழக்கம். மனிதர்கள் வெளியே போகாமலும் தானியம் உள்ளே வராமலும் இருக்க முப்பது கிலோமீட்டருக்கும் மேல் கரை போட்டிருக்கிறார்கள், செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது. உள்ளே இருந்தவர்கள் அம்பாஸ் தின்றார்கள். வேர்க்கடலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, மாட்டுக்கு வைப்பது. பக்கத்தில், ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் தங்கிய சம்சம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் சாட் எல்லையில் உணவு லாரிகள் வரும் அட்ரே வழியை ராணுவத்தின் அரசாங்கம் மூடியதே, அதையும் மறக்க முடியவில்லை. ஆகஸ்டில் திறந்தபோது மழை பிடித்துக்கொண்டு லாரிகள் சேற்றில் நின்றன. இரண்டு தரப்புக்கும் சோற்றின் வழியை அடைக்கத் தெரிந்திருக்கிறது.

போரில் பொதுமக்களைப் பட்டினி போடக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தத்தின் 1977 நெறிமுறை சொல்கிறது. பயிர், கால்நடை, குடிநீர், பாசன வேலைகள் எதிலும் கை வைக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 2018-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றமும் 2417-ஆம் தீர்மானத்தில் அதையே கண்டித்தது. படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வருகிறது.

குழந்தை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மேல்கையில் சுற்றி அளக்க நீ சொன்ன அந்தக் கை நாடாவை நானும் செய்து பார்த்தேன். காகிதத்தில் 11.5 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி வளையமாக ஒட்டினேன். சிவப்பு என்கிறாயே, மேல்கை அதற்கும் கீழே இருக்கிற குழந்தை. என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்தால் அந்த வளையம் உள்ளே தொளதொளவென்று கிடந்தது. அம்மா என்ன அது என்றாள். சொல்லவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பட்டினியில் வற்றிய உடம்புக்கு எடுத்தவுடன் நிறையக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, எஃப்-75 பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான் தேற்ற வேண்டும் என்று நீ விளக்கினாயே, அதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். எங்கள் பிள்ளை என்று அவள் தெரு முழுக்கச் சொல்லி வருகிறாள். எனக்கும் பெருமை இல்லாமலா? ஆனால் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அளந்து கொடுப்பவள், பெற்றவனுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை என்றால் எப்படி அம்மா?

2025 ஜூனில் வட டார்ஃபரின் எல் கோமா பக்கம் உணவு ஏற்றிப் போன லாரிகளைத் தாக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். எல்லாத் தரப்புக்கும் சொல்லிவிட்டுத்தான் அந்த வண்டிகள் கிளம்பின. அதைப் படித்த நாளிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்க நினைத்து, போன் பேசும்போதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே கேட்டு வைத்துவிடுகிறேன். நீ லாரியோடு போகிறாயா? முகாமுக்குள்ளேயே இருக்கிற வேலையா, சாலையில் போகிற வேலையா? வேலைக்குச் சேரும்போது நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வா என்று எழுத மாட்டேன். நீ வந்துவிட்டால் அந்த வரிசையில் நிற்கிற தாய்க்கு யார் பதில் சொல்வது? எங்கே எப்படிப் போகிறாய் என்பதை மட்டும் சொல். எனக்குத் தெரிந்தால் போதும், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. அங்கே காலரா பரவியதையும் படித்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாரும் பசியோடு இருக்கும்போது எனக்கு எப்படி இறங்கும் என்று ஒரு தடவை சொன்னாய், அப்போது நான் பதில் சொல்லவில்லை. இறங்காவிட்டாலும் சாப்பிட வேண்டும், கயல். மயங்கி விழுந்த நர்ஸால் யாருக்கு என்ன பயன்?

பதிலில் சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதாதே, என்ன சாப்பிட்டாய், எத்தனை வேளை என்று எழுது. லாரி விஷயத்தைத் தனியாக என் நம்பருக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா