ஏறும்போது இடம், இறங்கும்போது சுத்தமான தரை: மலைச்சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராமப்புற மலைச்சாலைகளைத் திட்டமிட்டுப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

கேரியரில் பைகளைக் கட்டிக்கொண்டு மலைப்பாங்கான சிற்றூர்கள் வழியே சைக்கிளில் பயணம் போகிறவர்களில் நானும் ஒருத்தி. நெடுஞ்சாலைகள் எங்களுக்கு வேண்டாம். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் சாலைகளைத்தான் தேடிப் போகிறோம். ஒரு வீட்டு வாசலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே நுழைந்து, ஒரு குன்றை ஏறி, மறுபுறம் இன்னொரு ஊரில் இறங்கும் சாலைகள் அவை. அந்தச் சாலைகளெல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றை அகலப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம், "சைக்கிளில் வருபவர்களுக்கும் இது நல்லதுதானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்லதல்ல என்று சொல்லவே இந்த மடல்.

கார் ஓட்டுகிறவருக்கு மலைச்சாலை என்பது ஒரே சாலை. சைக்கிளில் போகிறவருக்கு அது இரண்டு சாலை. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டிய பயணி சுமார் 130 வாட் திறனில் மிதிப்பார். 8 சதவிகித ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் இடத்தில், அந்தத் திறன் மணிக்கு 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகத்தைத்தான் தரும். பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் சைக்கிளை முந்திவிடுவார். அந்த வேகத்தில் எந்தச் சைக்கிளும் நேர்கோட்டில் போகாது. ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக அசையும், முன்சக்கரம் பாம்பு போல நெளியும். மிக மெதுவாகப் போகும் நேரத்தில்தான் அவருக்கு அதிக அகலம் தேவைப்படுகிறது. அதே ஆள் உச்சியைத் தாண்டிவிட்டால் மிதிக்காமலே 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவார். அப்போது அவர் கார்களோடு கலந்து, சாலையின் நடுவாக்கில் போவதே பாதுகாப்பு.

இரு பக்கமும் ஒரே அளவு ஓரம் விட்டு, நடுவில் கோடு போட்டு, "சைக்கிளுக்கும் இடம் விட்டிருக்கிறோம்" என்று திட்ட வரைபடத்தில் காட்டும்போது இந்த வேறுபாடு கணக்கிலேயே வருவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் மேடு பள்ளமான நகரம். அங்கே பல தெருக்களில் ஏறும் பக்கத்தில் மட்டும் சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டிருக்கிறார்கள். இறங்கும் பக்கத்தில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து போகும்படி தரையில் குறியிட்டிருக்கிறார்கள். கிராமத்து மலைச்சாலைக்கு இந்த யோசனை இன்னும் பொருத்தமானது. நடுக்கோட்டை இறங்கும் பக்கமாக ஒரு மீட்டர் தள்ளிப் போட்டால் போதும். ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

அகலப்படுத்தினால் நடப்பது வேறு. சாலை அகன்றதும் கார்கள் வேகம் எடுக்கின்றன. மலை ஏறும் சைக்கிளின் வேகம் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வளர்கிறது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது பிரான்சில் குறைந்தது 1.5 மீட்டர், ஜெர்மனியில் 2 மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டங்கள்தான். ஆனால் பார்வை மறையும் வளைவில், வேகமாக வரும் ஓட்டுநருக்கு அந்த இடைவெளியை விட நேரமே கிடைக்காது. வேகத்தைக் குறைப்பதுதான் வழி. அயர்லாந்து 2025 பிப்ரவரியில் கிராமப்புறச் சிறு சாலைகளின் பொது வேக வரம்பை 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆக்கியது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில் 'பசுமைச் சந்துகள்' என்று அறிவித்த குறுகிய சாலைகளில் வரம்பு மணிக்கு 15 மைல். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் அங்கே முன்னுரிமை. அந்த ஊர்களில் குடியிருப்பவர்களுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. எங்களைப் போல ஒரு மணி நேரம் வந்து போகிறவர்களைவிட, அந்தச் சாலையில் அன்றாடம் நடக்கிறவர்கள் அவர்கள்தானே.

இனி இறக்கம். இங்கே எங்களுக்குத் தேவை அகலம் அல்ல, சுத்தமான தரை.

தாரைத் தெளித்து, அதன்மேல் பொடி ஜல்லியைத் தூவி, போகிற வண்டிகளே அதை அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். செலவு குறைவு, மழைநீர் உள்ளே இறங்காது. அதில் எனக்குக் குறை இல்லை. அப்படிப் போட்ட ஓர் இறக்கத்தில் ஒருமுறை வந்துகொண்டிருந்தேன். நேர்பகுதி முழுவதும் ஒழுங்காக இருந்தது. கொண்டை ஊசி வளைவுக்குள் திரும்பியதும் பார்க்கிறேன், கார் டயர்கள் ஓடிய இரண்டு தடங்கள் மட்டும் கறுப்பாகத் துடைத்துவிட்டது போல் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவிலும் வளைவின் உள்ளோரத்திலும் ஒதுங்கிய ஜல்லி விரல் தடிமனுக்குக் குவிந்திருக்கிறது. முன்சக்கரம் தடத்தை விட்டு ஒரு சாண் விலகியிருக்கும், அவ்வளவுதான். ஹேண்டில்பார் சட்டென்று கையில் கனமற்றுப் போயிற்று. திருப்பினால் சக்கரம் திரும்புகிறது, சைக்கிள் திரும்பவில்லை. பிரேக்கைத் தொடவும் முடியாது, தொட்டால் விழுவது உறுதி. எதிரே வண்டி ஏதும் வராததால் சாலையின் மறுபக்கம் வரை போய் நின்றேன். கார்களுக்கு அந்த வளைவில் ஓர் ஆபத்தும் இல்லை. ஆகவே யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள்.

ஜல்லி தூவிய சில நாட்களில் வளைவுகளை மட்டுமாவது பெருக்கிவிடுங்கள். முழுச் சாலையையும் பெருக்க ஆள் இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவுகள் போதும். எச்சரிக்கைப் பலகையை வளைவில் வைக்காதீர்கள். பிரேக் பிடிக்க இன்னும் தூரம் இருக்கும்போதே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். செங்குத்தான இறக்கம் நேரே ஊருக்குள் முடிகிற இடங்களில் வளைவை ஒட்டி வேகத்தடை போடும் பழக்கத்தையும் விட வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வருபவரின் ரிம் தொட முடியாத அளவுக்குச் சூடேறியிருக்கும், விரல்கள் மரத்திருக்கும். கடைசி நொடியில் தெரியும் தடையை அவரால் சமாளிக்க முடியாது. வடிகால் மூடிகளின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீண்டிருந்தால் மெல்லிய சக்கரம் உள்ளே இறங்கிவிடும். குறுக்காகத் திருப்பிப் போட வேண்டும். இதைப் பொறியாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தவறாகப் போட்ட மூடிகளை இன்றும் பல இடங்களில் பார்க்கிறேன்.

வளைவுகளை நிமிர்த்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலிய ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்துக்குப் போகும் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையைக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் 1820களில் அமைத்தார். பிராட்டோ என்ற ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அன்று அதில் போனவை குதிரை வண்டிகள். குதிரையால் இழுக்க முடியாத சரிவு இருந்தால் சாலையே பயனில்லை, அதனால் வளைத்து வளைத்துச் சரிவைக் குறைத்தார்கள். அந்தப் பக்கத்தின் சராசரி ஏற்றம் இன்றும் சுமார் ஏழரை சதவிகிதம்தான். ஒரு மனிதக் கால் அதில் ஏற முடிவதற்கு அதுவே காரணம். ஒரு வளைவை நீக்கிச் சாலையை நேராக்கும்போது தூரம் குறைகிறது, உயரம் குறைவதில்லை. மிச்சப்பட்ட தூரத்துக்கான விலையைச் செங்குத்தான சரிவில் எங்கள் தொடைகள்தான் கொடுக்கின்றன.

நல்ல சாலை கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் 1878இல் தொடங்கிய சைக்கிள் சுற்றுலாக் கழகம், கார்கள் வருவதற்கு முன்பே, ஆபத்தான இறக்கங்களின் உச்சியில் சைக்கிள்காரர்களுக்கான எச்சரிக்கைப் பலகைகளைத் தன் செலவில் நட்டது. அமெரிக்காவில் 1880இல் உருவான சைக்கிள் சங்கம்தான் நல்ல சாலைகளுக்கான இயக்கத்தை முன்னெடுத்தது. இன்று பிரான்சின் கணவாய்ச் சாலைகள் பலவற்றில் கிலோமீட்டருக்கு ஒரு கல் நிற்கிறது. உச்சிக்கு எவ்வளவு தூரம், அடுத்த கிலோமீட்டரின் ஏற்றம் எத்தனை சதவிகிதம் என்று அதில் எழுதியிருக்கும். மூச்சு வாங்கும் நேரத்தில் அந்தக் கல் எவ்வளவு பெரிய உதவி என்பதை ஏறியவர்கள் அறிவார்கள். தண்ணீர் மிச்சம் வைக்கலாமா, இங்கேயே இறங்கி நிற்கலாமா என்று முடிவெடுக்க அந்த இரண்டு எண்கள் போதும்.

"இந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை சைக்கிள் போகிறது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பயந்து வேறு வழியில் போனவர்களையும், வராமலே இருந்துவிட்டவர்களையும் எந்தக் கணக்கெடுப்பும் எண்ணாது. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போக வேண்டிய அந்த ஊர்ப் பிள்ளைகளும் அந்த வராதவர்களில் அடக்கம்.

இதற்கெல்லாம் தனி நிதி ஒதுக்கச் சொல்லவில்லை. சாலைக்கு மறுபடி தார் போடும் காலம் எப்படியும் வரும். அன்று பழைய கோடு மறைந்திருக்கும், புதிய கோடு வரைந்தே ஆக வேண்டும். வண்ணம் பூசும் வண்டி கிளம்புவதற்கு முன் ஏறும் பக்கத்துக்கு ஒரு மீட்டர் கூடுதலாக அளந்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மலைச்சாலையில் சைக்கிள் மிதிக்கும் ஒருத்தி