அலைப்பலகையைத் தூத்தூரில் ஏன் செய்யக் கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பயிற்சி மையம் வேண்டும், ஸ்கேட்டிங் பூங்கா வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் கொஞ்ச நாளாகக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாரும் அலையையும் சுற்றுலாவையும் லாட்ஜ் அறைகளையுமே சுற்றி வருகிறார்களே தவிர, ஏறி நிற்கிற பலகை எங்கிருந்து வரப்போகிறது, அது உடைந்தால் யார் ஒட்டப்போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கக் காணோம். நான் தூத்தூர் பக்கம் பைபர் வள்ளம் கட்டவும் பழுது பார்க்கவும் பட்டறை வைத்திருப்பவன். என் புத்தி அங்கேதான் போகும்.

போன ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவில் நடக்கும் சர்ஃப் எக்ஸ்போ என்கிற அலைச்சறுக்குப் பொருள் கண்காட்சிக்குப் போய் வந்தேன். சகலை குடும்பம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, மனைவியின் அக்கா அங்கே நர்ஸ் (கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வெளிநாட்டில் ஒரு நர்ஸ் இல்லாத குடும்பத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்), தங்கவும் சாப்பிடவும் செலவில்லை, அதனால் துணிந்தேன். 1976 முதல் நடக்கிற கண்காட்சி இது, வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் செப்டம்பரிலும். டெல்லி அப்பளம் தின்றுகொண்டே சுற்றிப் பார்க்கிற பொருட்காட்சி இல்லை, பொதுமக்களுக்கு அனுமதியே கிடையாது. செய்கிறவர், வாங்கி விற்கிற கடைக்காரர், அவ்வளவு பேர்தான். பட்டறையின் ஜிஎஸ்டி சான்றிதழ், விசிட்டிங் கார்டு, நாலைந்து பில் எல்லாம் அனுப்பி, அதற்குப் பிறகுதான் கழுத்தில் மாட்டுகிற அட்டை வந்தது.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது பலகை இல்லை, துணி. டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, செருப்பு, சோவனியர் கடைக்காரர்கள் வாங்கிப் போகிற சாவிக்கொத்து வரைக்கும். பலகையைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. ஏன் இப்படி என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன், அவர் ஒளிக்காமல் சொன்னார்: பலகை விற்றால் கையில் நிற்கிற லாபம் சொற்பம், பலகை கடைக்கு அழகு, சோறு போடுவது சட்டைதான். அந்த வியாபாரத்தில் மொத்த விலையை இரட்டிப்பாக்கித் துணியில் விலைச்சீட்டு ஒட்டுவது சாதாரணம், பலகையில் அது நடக்காது. ஒரு டி-ஷர்ட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தேன், இந்தியாவில் தைத்தது என்று போட்டிருந்தது. திருப்பூர்க்காரர்கள் வாசல் வழியாக எப்போதோ உள்ளே போய்விட்டார்கள், நாம்தான் இன்னும் கடற்கரையிலேயே நிற்கிறோம்.

சரி, பலகைக்கு வருகிறேன். நான் அங்கே கழித்த நேரத்தில் முக்கால்வாசி பலகைகளைத் தடவிப் பார்ப்பதிலேயே போனது. பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. உள்ளே நுரை, அதைத்தான் பிளாங்க் என்கிறார்கள், பாலியூரித்தேன் நுரையாக இருந்தால் பெரும்பாலும் நடுவில் தலைமுதல் வால்வரை ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடும், வளைந்து முறியாமல் இருப்பதற்கு. அதைச் செதுக்கித் தேய்த்து உருவம் கொண்டுவந்து, மேலே கண்ணாடி இழைத் துணி விரித்து ரெசின் பாய்ச்சி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு, அப்புறம் தேய்ப்பு. இதில் எந்த வேலை நம் பையன்களுக்குத் தெரியாது? வித்தியாசம் துணியில்தான். நாங்கள் வள்ளத்துக்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு) போடுவோம், அதன்மேல் ரோவிங் என்கிற தடித்த நெசவு, அதன்மேல் மறுபடி மேட். பலகைக்கு அவர்கள் போடுவது சதுர மீட்டருக்கு 135 கிராம், கூடிப்போனால் 200 கிராம் நெசவுத் துணி, அத்தனை மெல்லிசு. ரெசின் ஒரு கரண்டி கூடினால் பலகை கனத்துவிடும், குறைந்தால் துணி வெள்ளையாகத் தெரியும். கை அடங்க வேண்டும், அதுதான் கற்க வேண்டியது.

இன்னொரு வகை தெர்மோகோல் நுரையில் செய்து எபாக்சி ரெசின் போட்டது. இங்கே எங்கள் பட்டறைகளில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும், நாம் வள்ளத்துக்கு ஊற்றுகிற பாலியஸ்டர் ரெசின் தெர்மோகோலில் பட்டால் அது உள்வாங்கிக் குழியாகி ஒன்றுமில்லாமல் போகும். மிதப்புக்கு வைக்கிற கட்டைகளில் இதைப் பார்க்காதவன் யார். ஆனால் கேரளாவின் கோவளம், வர்கலா பக்கத்து சர்ஃப் பள்ளிகளிலிருந்து என்னிடம் பழுதுக்கு வருகிற பலகைகளில் சிலது, யாரோ உள்ளே என்ன நுரை என்று பார்க்காமலே ரெசினை ஊற்றி, ஓரம் முழுக்கக் குழிவிழுந்த நிலையில்தான் வருகிறது. முதலில் விரிசலைத் திறந்து உப்புத்தண்ணீரை வடிக்க வேண்டும், வெயிலில் நாள்கணக்கில் காய வேண்டும், ஊறிப்போன நுரையை வெட்டி எடுக்க வேண்டும், அப்புறம்தான் எந்த ரெசின் என்ற பேச்சே. அவசரப்பட்டு மேலே ஒட்டினால் உள்ளே இருக்கிற ஈரம் அடுத்த வெயிலில் துணியைத் தூக்கிவிடும். பலகை ஆட்டோவின் மேலே கயிறு கட்டிக் களியக்காவிளை தாண்டி வருகிறது, இதற்காக எல்லை தாண்டி வருகிறார்கள் என்றாலே தேவை இருக்கிறது என்றுதான் அர்த்தம். கோவளத்தில் 2005-லேயே சர்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள், வர்கலா பக்கத்து இடவாவில் 2024-ல் சர்வதேசப் போட்டியே நடத்தினார்கள். நம் பக்கம் மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி நடந்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் இந்தியாவுக்கு அதுதான் முதல். ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், பலகையும் அவர்களோடு கூடத்தானே செய்யும்.

கண்காட்சியில் ஒரு பலகைக்காரர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், விரல் நகத்தில் ரெசின் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் இவரிடம் பேசலாம் என்று தோன்றியது. போனில் என் பட்டறையில் கட்டிய வள்ளத்தின் படத்தைக் காட்டினேன். அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, வளைந்து ஏறுகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை மோல்டில் எடுத்தீர்களா, கையால் இழைத்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். விலை கேட்கவில்லை, எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை. 2005-ல் பலகைத் தொழிலில் நடந்த ஒரு கதையை அவர்தான் விவரமாகச் சொன்னார். கலிபோர்னியாவில் லகுனா நிகெல் என்ற ஊரில் கிளார்க் ஃபோம் என்று ஒரு கம்பெனி, அமெரிக்காவில் பலகை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நுரை அங்கிருந்துதான். 2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை, முதலாளி கோர்டன் கிளார்க் எல்லாருக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். நுரை செய்யப் பயன்படுத்திய டிடிஐ என்கிற நச்சு ரசாயனம், அதைக் குறித்து அரசுத் துறைகள் கொடுத்த நெருக்கடி, இதெல்லாம் காரணம் என்று அதில் எழுதியிருந்தார். ஒரே நாளில் பலகைக்காரர்கள் கை கட்டி நின்றார்களாம், இருந்த நுரைக்கு விலை ஏறியது, அதற்கப்புறம்தான் தெர்மோகோலும் எபாக்சியும் வெளிநாட்டு நுரையும் நிறையப் புழக்கத்துக்கு வந்தன. ஒரு இடத்தை மட்டுமே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது. இந்தியாவில் பலகைக்கு நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் இறக்குமதியைத்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும், அங்கே கலிபோர்னியா, ஹவாய் என்று பேர்போன ஊர்கள், நாம் எப்படி என்று. தாய்லாந்தைப் பாருங்கள். பெரிய அலைக்குப் பேர்போன நாடு இல்லை. அங்கே சோன்புரியில் கோப்ரா என்று ஒரு கம்பெனி 1978-ல் காற்றுப்பாய் கட்டிய பலகை செய்ய ஆரம்பித்து, இன்றைக்கு உலகத்தின் பெரிய பெரிய பிராண்டுகளுக்கெல்லாம் சர்ஃப் பலகை செய்து கொடுக்கிறது. கண்காட்சியில் அமெரிக்கப் பேர் போட்ட பலகைகளின் அடியில் தாய்லாந்து என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். அலை இருக்கிற ஊரில்தான் பலகை பிறக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நமக்கோ அலையும் இருக்கிறது, கையும் இருக்கிறது. 1980-களில் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே வழிகாட்ட, பிளைவுட் தகடுகளைச் செம்புக் கம்பியால் தைத்து மூட்டில் பைபர் ஒட்டி வள்ளம் கட்டக் கற்றவர்கள் நம் ஆட்கள், அதுவரைக்கும் பெரும்பாலும் கட்டுமரத்திலேயே பழகியவர்கள். சிஃப்ஸ் என்கிற மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய படகு கட்டும் யார்டுகளில் அந்த வேலை பரவி, பிறகு பைபருக்கு மாறினோம். கற்றுக்கொடுக்க ஆள் வந்தபோது கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஸ்கேட் பகுதியையும் விடாமல் பார்த்தேன், ஆனால் அது என் தொழில் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பலகை ஏழு அடுக்கு மேப்பிள் மரம், ஒவ்வொரு அடுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர், பசை போட்டு அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். உருளையில் இருக்கிற பேரிங் 608 என்கிற அளவு, நம் கடையில் சின்ன மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் கேட்டு வாங்குகிற அதே 608. மேப்பிள் குளிர்நாட்டு மரம், மெதுவாக வளர்ந்து இறுகுவது, நம் ரப்பர் மரம் அதற்கு ஈடில்லைதான். ஆனாலும் குலசேகரம், அருமனை பக்கம் வெட்டுகிற ரப்பர் மரம் லாரி லாரியாகப் பெரும்பாவூர் பிளைவுட் மில்லுக்குப் போகிறது. கற்றுக்கொள்ளத் தொடங்குகிற பிள்ளைக்கு ஒரு பலகை அதில் அழுத்திப் பார்க்க அந்த மில்காரர்களுக்கு ஒரு அச்சு போதும். மரத்தொழில் தெரிந்தவர்கள் யாராவது யோசிக்கட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேலைக்காலம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அந்த 61 நாளும் ஓரமாக ஏற்றிய படகுகளில் பைபர்காரனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்புறம் வேலை குறைந்துவிடும், பையன்கள் கேரளாவுக்கு எந்த வேலைக்காவது கிளம்பிவிடுவார்கள். சர்ஃப் பள்ளிகளுக்கு மழைக்கடல் அடங்கி ஐப்பசி பிறந்த பிறகுதான் சீசன். ஒன்று ஓய்கிறபோது மற்றது தொடங்குகிறது, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? அதோடு மீட்புப் பலகை என்று ஒன்று இருக்கிறது, பத்தடிக்கு மேல் நீளம், உயிர்காப்போர் படுத்துத் துடுப்புபோல் கையால் தள்ளிப் போய், தண்ணீரில் தவிப்பவரை ஏற்றிக்கொண்டு வருவது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் கள்ளக்கடல், அதாவது முன்னறிவிப்பில்லாமல் பொங்கி வருகிற பேரலை, ஏறி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போனதை நாம் மறக்கவில்லை. நம் கடற்கரைகளில் எத்தனை இடத்தில் அப்படி ஒரு பலகை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? போட்டிக்குப் போகிற பலகைக்கு முன்னால் இதைத்தான் நாம் செய்து பழக வேண்டும். இதில் எடை கொஞ்சம் கூடினாலும் குறை சொல்ல ஆளில்லை.

அரசிடம் நான் கேட்பது மையமும் பூங்காவும் இல்லை. நாகர்கோவிலில் கோணம் என்கிற இடத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அதில் பைபர் பலகைப் பழுதும் தயாரிப்பும் சொல்லித்தர ஒரு குறுகிய காலப் படிப்பு. சொல்லித்தருகிறவர் அலையில் நின்று பழகியவராக இருக்க வேண்டும், ஏனென்றால் முனை எவ்வளவு உயர வேண்டும், ஓரம் எங்கே மழுங்க வேண்டும் என்பது பட்டறையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது, கோவளத்துப் பையன்களுக்குத் தெரியும். முதல் பாடம் முகமூடியாக இருக்கட்டும். நம் பட்டறைகளில் இன்றைக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் பைபர் தேய்க்கிறார்கள், ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிகிறார்கள், ரெசின் வாடையில் தலைவலி என்றால் டீ குடிக்கச் சொல்கிறோம்.

இரண்டாவது, இந்த மாதிரிக் கண்காட்சிக்குப் போகிற குழுவில் அதிகாரிகளோடு கையால் வேலை செய்கிறவர்களும் இருக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் சர்வதேச ஒத்துழைப்புத் திட்டத்தில் வெளிநாட்டுக் கண்காட்சிக்கு விமானக் கட்டணம், அரங்க வாடகைக்கு உதவி உண்டு, ஆனால் அது தொழில் அமைப்புகள் வழியாக வருவது, எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு ஒரு சங்கம்கூடக் கிடையாது. மாவட்டத் தொழில் மையம் நினைத்தால் நீரோடியிலிருந்து முட்டம் வரைக்கும் இருக்கிற பைபர் பட்டறைகளைக் கூப்பிட்டு ஒரு சங்கம் பதிவு செய்ய வைக்கலாம். கண்காட்சி வியாபாரமும் நிரந்தரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், சான் டியாகோவில் இதே மாதிரி நடந்துகொண்டிருந்த ஏஎஸ்ஆர் என்ற கண்காட்சி 2010-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆர்லாண்டோவில் அடுத்தது செப்டம்பரில். அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது, அதனால் யாரையாவது அனுப்புவதாக இருந்தால் பெயர்ப்பட்டியலை இப்போதே தயார் செய்யுங்கள். என் பட்டறையிலிருந்து போகத் தயாராக இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது.

இப்படிக்கு,
பைபர் பட்டறைக்காரர் ஒருவர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.