‘காலி’ என்று சொன்ன நாலு டிஸ்க்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். என் கணவர் ஆரம்பித்தது. ஒன்பது வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். வாடைக்காற்று தொடங்குமுன் தங்கள் நாளிதழில் மழைக்கால முன்னெச்சரிக்கைகள் வரும். படகை எப்படிக் கட்டுவது, ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் எதில் சுற்றி வைப்பது என்றெல்லாம் இருக்கும். அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் படங்கள் எல்லாம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, சந்தியாகப்பர் கோயில் திருவிழா, கச்சத்தீவுப் பயணம் எல்லாம் அதில்தான். 2 டிபி டிஸ்க் நாலு, ஒன்றாகச் சேர்த்து ரெய்டு 5. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் 2017-ல் அமைத்துக் கொடுத்தான். மூன்று பேர் கொடுத்த பணமும் அதன் மொத்தமும் நோட்டில் இருந்தால், ஒருவர் பெயருக்கு நேரே உள்ள எண் அழிந்தாலும் மற்றதைக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ரெய்டு 5 செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் தாங்காது.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து, லினக்ஸ் இருந்த எஸ்எஸ்டி என்ற சின்ன டிஸ்க் செத்துவிட்டது. படங்கள் இருந்த நாலு டிஸ்க் வேறு, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த தம்பி ஒரு டிஸ்கைக் கழற்றித் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிஸ்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், அதாவது புது டிஸ்க் போலத் தயார் செய்ய வேண்டும், ஓகேவா என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. “அக்கா, இதுல ஒண்ணுமே இல்ல. நாலும் காலிதான். ஓகே குடுத்து ஃபார்மட் போட்டுத் தந்துடுறேன்” என்றார். மவுஸ் அம்பு அந்த ஓகே மேலேயே நிற்கிறது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேண்டாம் தம்பி என்று வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸுக்கு லினக்ஸ் ரெய்டைப் படிக்கத் தெரியாது, அதனால் காலி என்று காட்டுகிறது. ஆனால் எங்கள் டிஸ்க் ஒவ்வொன்றிலும் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி, சூப்பர்பிளாக் என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. தான் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, மொத்தம் எத்தனை டிஸ்க், தன் இடம் எது என்பதெல்லாம் அதில்தான். ஜிபிடி என்ற முறையில் இனிஷியலைஸ் செய்தால் டிஸ்கின் முதல் 17 கேபி மேல் புதிதாக எழுதிவிடும். அந்தக் குறிப்பு அதற்குள்தான் இருக்கிறது.

அண்ணன் மகன் போனில் வந்தான். “அத்தை, எதையும் எழுத விடாதீங்க. முதல்ல படிக்கிறது மட்டும்தான்” என்றான். நாலு டிஸ்கின் வயரையும் கழற்றி, டேப்பில் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டினேன். அப்போதுதான் மூன்றாவது டிஸ்கின் சாட்டா வயர் முனையைக் கவனித்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய பொடிப் பொடித் தகடுகளில் இரண்டில் பச்சை பூத்திருந்தது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே இருக்கிற ஊர். ஜன்னல் கம்பியே உதிர்கிற இடத்தில் இந்தத் தகடு எம்மாத்திரம்?

டிஸ்குகள் வெளியே இருக்கும்போதே புது எஸ்எஸ்டியில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டோம்; கை தவறிக்கூட அவற்றின் மேல் எதுவும் எழுதப்படக் கூடாது என்பதற்காக. அப்புறம்தான் மாட்டினோம். லினக்ஸில் ரெய்டைக் கவனிக்கும் எம்டிஆட்ம் என்ற கட்டளையில் எக்ஸாமின் என்று கொடுத்தால் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டும், எதையும் மாற்றாது. நாலுக்கும் கொடுத்து, வந்ததைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலிலும் ஒரே யூயூஐடி, அதாவது தொகுப்பின் அடையாள எண். ஆனால் தொகுப்பில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஈவென்ட்ஸ் என்ற எண், 1, 2, 4 மூன்றிலும் 51846 என்று இருக்க, மூன்றாவதில் மட்டும் 39112. அது கடைசியாக எழுதப்பட்ட தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது. பச்சை பூத்த வயரால் அந்த டிஸ்க் அப்போதே கழன்றுவிட்டது. மற்ற மூன்றும் சத்தமில்லாமல் ஓடியிருக்கின்றன. நானும் கல்யாணப் படங்களை அதில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். இன்னும் ஒன்று போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

தானாகவே எம்டி127 என்ற பெயரில் எழுந்திருந்த தொகுப்பை நிறுத்திவிட்டு, நல்ல மூன்று டிஸ்குகளை மட்டும் சொல்லி, படிக்க மட்டும் என்று வைத்து அசெம்பிள் கொடுத்தோம். அசெம்பிள் என்ற இடத்தில் கிரியேட் என்று கொடுத்தால் கதையே மாறிவிடும். அசெம்பிள் இருப்பதைச் சேர்க்கிறது. கிரியேட் அந்தக் குறிப்பை அழித்துப் புதிதாக எழுதுகிறது. டிஸ்க் வரிசை மாறியிருந்தால் உள்ளே இருக்கும் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

சரி, திறந்தது. நான் முதலில் போனது 2019 ஃபோல்டருக்கு. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு பையனின் படம் கேட்டு அவன் அம்மா மூன்று நாளாக வந்துகொண்டிருந்தார். வீட்டில் இருந்த போன் படங்களில் முகம் தெளிவாக இல்லை. அவன் தங்கை கல்யாணத்தில் நாங்கள் எடுத்த ஒரு படத்தில், பந்தலில் வாழைத்தார் பக்கத்தில் நின்று நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

முக்கியமானதையெல்லாம் வெளி டிஸ்கில் காப்பி எடுத்தோம். ரெய்டு இருக்கிறதே என்று இத்தனை வருடம் தனிக் காப்பி வைக்காதது என் தவறுதான். பிறகு புது வயர், புது டிஸ்க். மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு அந்தப் புது டிஸ்க் நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. இனி எந்த டிஸ்க் கழன்றாலும் என் போனுக்கு மெயில் வரும்படி செய்தாயிற்று.

இந்தத் தீவிலும் மண்டபம், கீழக்கரை, தொண்டி வரைக்கும் என்னைப் போல ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்கு முன்னால் டிஸ்க் வயர் முனைகளைக் கழற்றிப் பாருங்கள், எல்லா டிஸ்கும் சேர்ந்துதான் ஓடுகிறதா என்று பாருங்கள் என்று தங்கள் பட்டியலில் ஒரு வரி போடுங்கள். கம்ப்யூட்டர் கடைத் தம்பிகளுக்கும் ஒரு வரி வேண்டும்: இனிஷியலைஸ் என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். இந்த டிஸ்க் எந்தப் பெட்டியில் இருந்தது, கூட எத்தனை டிஸ்க் இருந்தன என்று கொண்டுவந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தும் வாசகி,
தங்கச்சிமடம்