கார்டின் பின்னால் இருக்கும் நம்பர்

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள சேது,

வங்கிக்காரன் என்று போனில் பேசியவனிடம் மச்சினர் ஏமாந்ததைப் பற்றி நீ எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள். இந்த வாரம் நானும் ஒரு பெண்ணைத் திட்டித் தீர்த்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். கமலா சுகம். என் முட்டி வலி அப்படியேதான். இந்த வருஷ வடாமிலும் பாதி காக்காய்க்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் அந்தக் காக்காய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன், வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு பெண். "சார், உங்கள் கிரெடிட் கார்டில் வெளிநாட்டு வெப்சைட் ஒன்றில் 18,400 ரூபாய்க்கு யாரோ முயன்றிருக்கிறார்கள். நீங்கள்தானா?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஓடிபி வராமல் எப்படியம்மா பணம் போகும், யாரிடம் கதை விடுகிறாய், நீ செய்கிற வேலை உன்னைப் பெற்றவர்களுக்குத் தெரியுமா என்று ஆரம்பித்து, நம் பஞ்சு தஞ்சாவூர் டிடிஆரிடம் பேசினானே, அந்த அளவுக்குப் போய்விட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, "பரவாயில்லை சார், என்னை நம்ப வேண்டாம். வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்" என்றாள்.

எந்தத் திருடனாவது இப்படிச் சொல்வானா? 'வைக்காதீர்கள், லைனிலேயே இருங்கள், கார்டு முடங்கிவிடும்' என்பதுதானே அவர்கள் பாட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்டைத் திருப்பினால் எழுத்து எறும்பு சைஸ். சிவிவியை, அதாவது பின்னால் இருக்கும் மூன்று இலக்க ரகசிய எண்ணை, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர் நம்பரில் பாதியையும் மூடியிருந்தது. சிரிக்காதே. "கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடலாமே" என்றாள் கமலா. அதை மட்டும் செய்யாதே சேது. வங்கி பெயரில் தங்கள் நம்பரை இணையத்தில் போட்டுவைக்கிறார்கள். நாமே கூப்பிட்டுத் தலையைக் கொடுப்போம். ஸ்டிக்கரைச் சுரண்டி, ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டு ஆளைப் பிடித்தேன். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு நம்பர், காலாவதித் தேதி, சிவிவி இருந்தால் போதுமாம். ஓடிபி கேட்கவே மாட்டார்கள். கார்டை முடக்கிவிட்டார்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கென்று தனி சுவிட்ச் இருக்கிறது. நீயும் நானும் எந்த லண்டன் கடையில் வாங்கப்போகிறோம்? இன்றே அணைத்து வை.

அவள் கூப்பிட்ட நம்பரை அப்புறம் பார்த்தேன். 1600 என்று ஆரம்பித்தது. கணக்கு சம்பந்தமான அழைப்புக்கு 1600, விளம்பரத்துக்கு 140 என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. என் கண்ணாடி கீழே டிவி மேல் இருந்தது, என்ன செய்ய. அதற்காக 1600 என்று பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடாதே. நான் இனி யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு நானே கூப்பிடுவதாக இருக்கிறேன்.

நீ கேட்டிருந்தாயே, "வங்கிக்காரன் இல்லையென்றால் மச்சினர் கார்டு நம்பரை எப்படிச் சொன்னான்?" என்று. முதல் ஆறு எண்ணைத்தானே சொன்னான்? அது வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பது. அதே வங்கியின் அதே வகைக் கார்டு வைத்திருக்கிற கணக்கற்ற பேருக்கு அதே எண்தான். பஸ் ரூட் நம்பரைச் சொல்லிவிட்டு உன் சீட்டு நம்பரே தெரிந்த மாதிரி நடிக்கிற வேலை. கடைசி நான்கைச் சொன்னாலும் மயங்காதே, அது கடை பில்லிலெல்லாம் கிடக்கும்.

இதில் வங்கிகளுக்கும் பங்கு உண்டு. போன மாதம் லோன் வேண்டுமா என்று கூப்பிட்ட ஒருவன், "சரிபார்க்கப் பிறந்த தேதி சொல்லுங்கள் சார்" என்றான். கூப்பிட்டவன் அவன், யாரென்று நிரூபிக்க வேண்டியவன் நானா? நம்மை இப்படிப் பழக்கிவிட்டு, யாரிடமும் விவரம் சொல்லாதீர்கள் என்று எஸ்எம்எஸ்ஸில் உபதேசம் வேறு.

மச்சினர் விஷயம் மனசைப் பிசைகிறது. வெட்கத்தில் நாலு நாள் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அந்த நாலு நாளில் எவ்வளவு போனது என்று தேதிவாரியாகப் பார்க்கச் சொல். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் பேசினாரா? இல்லையென்றால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து பேசவை. அவரைக் கேலி செய்யாதே, உன் வாய் எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கஸ்டமர் கேரில் கேட்டேன். யார் பேசியது என்று சொல்ல முடியாதாம். "ஆனால் கால் ரெக்கார்டாகியிருக்கும் சார்" என்றான், ஆறுதல் சொல்கிறவன் மாதிரி.

காக்காய் விட்டுவைத்த வடாமை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உன்,
ரங்கன்