ஓனிங் சீலை மாற்றப்போகும் மகனுக்கு

அன்பு மகன்,

நீ அனுப்பின படங்களை அப்பாவும் நானும் டீவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்தோம். காம்ப் போக வாங்கின ட்ரெய்லர் வடிவாக இருக்கிறது. பழசு என்றாலும் சுவர் எங்கும் வீங்கவில்லை, கூரை மூலைகளில் தண்ணீர்க் கறை இல்லை. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். ஓனிங், அதுதான் பக்கச் சுவரிலிருந்து விரிகிற நிழல் சீலை, அது மட்டும் போய்விட்டது. கடையில் கேட்ட கூலியைப் பார்த்து, நீயே மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். மாற்றலாம், அதில் ஒன்றுமில்லை. நாங்களும் போன கோடையில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தானே மாற்றினோம். ஆனால் "சனிக்கிழமை தனியாக ஒரு கை பார்க்கிறேன்" என்று ஒரு வரி போட்டாய் பார், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய்.

சுவரோடு சேர்ந்த பக்கம் மட்டும் ஏன் வெடித்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஓனிங்கைச் சுருட்டி வைத்தாலும் அந்தக் கடைசி ஒரு சாண் சீலை உருளைக்குள் போகாது, வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். மற்றச் சீலை நீங்கள் காம்ப் போகும் நாட்களில்தான் வெயில் காணும். அந்த ஒரு சாண் மட்டும் பனிக்காலமும் சேர்த்து வருடம் முழுக்கக் காயும். அதற்காகத்தான் சில ஓனிங்குகளில் அந்த இடத்துக்கு ஒரு தகட்டு மூடியோ தடித்த வைனில் துண்டோ வைத்திருப்பார்கள். உன்னுடையதில் அது இல்லை. புதிது எடுக்கும்போது அது உள்ளதாகப் பார்த்து எடு. நடுவில் ஊசித்துளைகள் மட்டும் என்றால், ஒட்டுகிற டேப் வாங்கி ஒட்டு என்று விட்டிருப்பேன். விளிம்பு வெடித்த பிறகு ஒட்டிப் பிரயோசனமில்லை. விரிக்கும்போது சீலையின் இழுவை அந்த விளிம்பில்தான் விழுகிறது.

சரி, என்ன சீலை எடுப்பது? இதில் அப்பாவின் கதையைக் கேட்காதே, என்னைக் கேள். வைனில் என்பது பொலியெஸ்டர் வலைக்கு மேல் பிளாஸ்டிக் பூசினது. தண்ணீர் ஒரு சொட்டும் இறங்காது, விலையும் குறைவு. ஆனால் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கடும் குளிரில் விறைத்துப்போகும், அந்த நேரத்தில் விரித்தால் வெடிக்கும். அக்ரிலிக் நெய்த துணி. நூலாக்குவதற்கு முன்பே சாயத்தைக் கலந்துவிடுவார்கள், அதனால் வெளுப்பது குறைவு. காற்றுப் போய்வரும், கெதியாகக் காயும். சன்பிரெல்லா என்று கேள்விப்பட்டிருப்பாய், அந்த வகைதான். வட கரோலினாவில் கிளென் ரேவன் என்ற கம்பனி 1961இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஓனிங் என்றால் பருத்திக் கன்வஸ், கொஞ்சக் காலத்தில் உக்கிவிடும். அக்ரிலிக்கில் மழைத்தண்ணீர் உருண்டு ஓடும், ஆனால் தேங்கி நின்றால் மெதுவாகக் கசியும்.

நாங்கள் வைனில்தான் போட்டோம். நாங்கள் காம்ப் போகிற அல்கொன்குவின் பார்க்கில் மழை பிடித்தால் விடாது, எனக்கு அடுப்பை ஓனிங்குக்குக் கீழேதான் வைக்க வேணும். உனக்கு அக்ரிலிக் எடு. கல்கரி ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர், காற்றில் ஈரம் குறைவு, வெயில் கடுமை, பனிக்காலத்தில் மைனஸ் முப்பது பாகைக்கும் கீழே போகிற நாளும் வரும். அங்கே சீலையைத் தின்னப்போவது மழையில்லை. விலை கூடத்தான், மருமகளோடு கதைத்துச் செய்.

"நீங்களே தைத்துத் தாங்களேன்" என்று அடுத்துக் கேட்பாய். அப்பாவும் அப்படித்தான் கேட்டார். தையல் பக்டரியில் இவ்வளவு காலம் நின்றவளுக்கு இது பெரிய வேலையா என்று. துணி பிரச்சினை இல்லை. அக்ரிலிக்கை 18ஆம் நம்பர் ஊசி போட்டு நல்ல மெஷினில் தைக்கலாம். அந்தத் துணி 46 அல்லது 60 அங்குல அகலத்தில்தான் கடையில் வரும், ஆகவே துண்டு துண்டாகப் பொருத்த வேணும். ஒவ்வொரு பொருத்தும் நேராக விழ வேணும். விளிம்பில் பிளாஸ்டிக் கயிறு வைத்து மடித்துத் தைக்கிற இடம் ஒரு நூல் தடித்தாலும், சீலை வழுக்கி ஏறுகிற தவாளிப்புக்குள், அதாவது அந்த நீளப் பள்ளத்துக்குள் ஏறாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவ்வளவு துணியைத் திருப்பித் தைக்க என்னால் ஏலாது. தைத்து முடித்ததாக வாங்கு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேள்: என்ன நூலால் தைத்தது? சாதாரண நூல் என்றால் துணி நல்லாக இருக்கும்போதே தையல் விட்டுவிடும். வெயில் தாங்குகிற பொலியெஸ்டர் நூல் என்றால் பரவாயில்லை. டெஃப்லான் வகை நூல் வெயிலுக்கு அசையாது, விலைதான்.

அளவுக்கு வருவோம். பழைய சீலையை அளந்து அந்த அளவைச் சொல்லாதே. அது இழுபட்டிருக்கும், சுருங்கியுமிருக்கும். ஓனிங் மூடியிருக்கும்போது, அதைத் தாங்குகிற இரண்டு உலோகக் கைகளில் ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அள. பொதுவாக அதைத்தான் ஓனிங்கின் அளவு என்பார்கள். 16 அடி ஓனிங் என்றால் சீலை 16 அடி இராது, சில அங்குலம் குறைவாகத்தான் இருக்கும். எத்தனை அங்குலம் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. ஆகவே கைக்குக் கை அளவா, சீலையின் அளவா என்று விற்கிறவனிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிவிட்டுக் காசு கட்டு. ஓனிங் செய்த கம்பனியின் பெயரும் மொடல் நம்பரும் கையிலோ குழாயிலோ ஒட்டியிருக்கும். அதையும் படம் எடுத்துக்கொள்.

இனிமேல் சொல்வதை மெதுவாக வாசி.

உன்னுடையது கையால் இழுக்கிற ஓனிங், படத்தில் பட்டி தெரிகிறது. அந்த உருளைக் குழாயின் இரண்டு முனைக்குள்ளும் ஒவ்வொரு ஸ்பிரிங் இருக்கும். நீ ஓனிங்கை விரிக்க விரிக்க அது முறுகும், அந்த முறுக்குத்தான் திரும்பச் சுருட்டித் தருவது. மூடி வைத்திருக்கும்போது முறுக்கு இல்லை என்று நினைக்காதே. அப்போதும் பல சுற்று முறுக்கு உள்ளே நிற்கும். முனை மூடியைக் குழாயோடு பிடித்து வைத்திருப்பது ரிவெட் என்கிற சின்னத் தறையாணிகள் சிலதுதான். ஒன்றும் பூட்டாமல் அந்த ரிவெட்டுகளை ட்ரில் பண்ணி எடுத்தாயோ, மூடி சுழன்று விரலை முறித்துவிடும். சீலை மாற்றுகிற வேலையில் பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். தனியாகச் செய்யாதே என்பதும் இதற்காகத்தான்.

எங்களுடையதில் ஒரு பக்கத்தில் பூட்டு நெம்பு இருக்கிறது. மற்றப் பக்கம் மூடியிலும் அச்சிலும் ஒரு துளை. ஓனிங்கை ஓரடி போல இழுத்து, இரண்டு துளையும் நேருக்கு நேர் வரும்போது கொட்டர் பின்னை, அதுதான் இரட்டைக் கால் உள்ள கம்பி ஊசியை, செருகினால் முறுக்கு அப்படியே நின்றுவிடும். பின் போட்டுவிட்டோம் என்று அதைத் தட்டி விளையாடக் கூடாது, முறுக்கு உள்ளேதான் இருக்கிறது. உன்னுடையதில் அப்படித் துளை இல்லையென்றால் முறுக்கைக் கழற்ற வேணும். பூட்டுகிற குறடால் ஒருவர் இறுக்கிப் பிடிக்க, அரைச் சுற்று அரைச் சுற்றாக விட்டு, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று டேப்பில் எழுதிக் குழாயிலேயே ஒட்டு. திரும்ப அதே கணக்கு முறுக்க வேணும். குறைந்தால் ஓனிங் சோர்ந்துபோய்ச் சுருளாது, கூடினால் கையை அடித்துக்கொண்டு மூடும். எது உன்னுடையது என்று கம்பனியின் கைநூலைப் பார்த்துவிட்டுத் தொடங்கு. அது விளங்காமல் ட்ரில்லைத் தொடாதே. கண்ணாடி, கையுறை இரண்டும் போடு. ட்ரில்லை மருமகளிடம் கொடு, அவளின் கை உன் கையைவிட நிதானம்.

மூன்று பேர் இருந்தால் நல்லது. பாரம் பெரிதில்லை, நீளம்தான் கரைச்சல். பின்னைப் போட்ட பிறகு, சுவரில் இருக்கிற தவாளிப்பின் இரண்டு முனையிலும் சீலை வழுக்காமல் ஒவ்வொரு சின்னத் திருகாணி இருக்கும். அதை மட்டும் கழற்று. சுவர்த் தவாளிப்பைப் பிடித்திருக்கிற பெரிய திருகாணிகளில் கை வைக்காதே. அவை சுவருக்குள் போகிறவை, தண்ணீர் புகாமல் பசை வைத்து மூடியிருப்பார்கள். அதைக் கிளறினால் ஓனிங்குக்குப் பதிலாகச் சுவரை மாற்ற வேண்டிவரும். பிறகு ஆளுக்கொரு கையைப் பிடித்து, கீழ்க்கால்களை விடுவித்து, முழுவதையும் பக்கவாட்டில் நடத்தி வெளியே எடுக்கலாம். பழைய கம்பளி போட்ட இரண்டு மேசையில் வை.

கழற்ற முன்பு படம் எடு. சீலை குழாயின் மேலால் வருகிறதா கீழால் வருகிறதா, தொங்கல் கரை எந்தத் தவாளிப்பில், பட்டி எதில் என்று. கழற்றி முடிந்த பிறகு மூன்று தவாளிப்பும் ஒரேமாதிரித்தான் தெரியும்.

ஒரு முனையின் ரிவெட்டுகளை எடுத்து மூடியை இழுத்தால் பழைய சீலை வழுக்கி வரும். வராவிட்டால் வெட்டிவிடு, அதை யார் வைத்திருக்கப்போகிறார்கள். புதுச் சீலையை ஏற்ற முன்பு தவாளிப்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடை, சிலிக்கோன் ஸ்பிரே அடி. ட்ரில் பண்ணின இடத்திலும் முனையிலும் கூர் இருக்கும், அரத்தால் தேய். உள்ளே விரலை விட்டுப் பார்க்காதே, ஒரு துண்டுத் துணியை இழுத்துப் பார், கூர் இருந்தால் நூல் மாட்டும். முனை நெரிந்திருந்தால் தட்டைத் திருப்புளியால் கொஞ்சம் அகட்டிவிடு. பிறகு பாவாடைக்கு நாடா கோர்க்கிற வேலைதான், நாடா மட்டும் பதினாறு அடி. ஒருவர் தவாளிப்பின் வாய்ப்பக்கம் நின்று மடிப்பில்லாமல் கொடுக்க, மற்றவர் அங்காலே நின்று இழுக்க வேணும். கொடுக்கிறவர்தான் முக்கியம். இழுக்கிறவர் அவசரப்பட்டால் முதல் அரை அடியிலேயே விளிம்பு உரிந்துவிடும். மூன்றாவது ஆள் சீலை நிலத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கட்டும்.

காலையிலேயே தொடங்கு. உங்கள் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகுதான் காற்று எழும்பும் என்று நீதான் சொன்னாய். பாதி விரித்த சீலையைக் காற்று தூக்கினால் மூன்று பேராலும் பிடிக்க முடியாது.

ஏறின பிறகு சீலை குழாயின் நடுவில் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்துவிட்டு மூடியைப் போடு. ரிவெட் அதே தடிப்பில் புதிது வாங்கு, பழைய துளை பெருத்திருந்தால் ஒரு அளவு கூடினது. கையால் இறுக்கமாகச் சுருட்டி, தூக்கிச் சுவரில் ஏற்றி, கால்களைப் பூட்டு. பின்னைக் கடைசியாகத்தான் எடுக்க வேணும், முன்பு போட்ட அதே ஓரடி நிலையில் வைத்து, ஒருவர் குழாயை இரண்டு கையாலும் பிடித்திருக்க. முடிந்ததும் சில தடவை விரித்து மூடிப் பார். ஒரு பக்கமாக ஓடினால், சுவர்த் தவாளிப்பில் சீலையைக் கொஞ்சம் நகர்த்தி நேராக்கிவிட்டு அந்தச் சின்னத் திருகாணிகளைப் போடு.

மழையில் விரிக்கிறாய் என்றால் தண்ணீர் ஓட ஓனிங்கின் ஒரு பக்கக் கையைப் பதித்து வை. சின்னக் கணக்கு ஒன்று பார்: எட்டு அடிக்குப் பதினாறு அடி என்றால் ஏறத்தாழ 12 சதுர மீற்றர். அதில் 5 மில்லிமீற்றர் மழை விழுந்து ஓடாமல் நின்றால் 60 லீற்றர், அதாவது 60 கிலோ. ஒரு முழு ஆளைத் தூக்கிச் சீலைக்கு மேல் இருத்துகிற பாரம். கை வளைந்துவிடும். ஆலங்கட்டியைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 யூனில் வடகிழக்குக் கல்கரியில் வீட்டுச் சுவர்களின் வெளிப்பலகைகளையே உடைத்தது, 2024 ஓகஸ்டில் விமான நிலையக் கூரை வரைக்கும் போனது. மேற்கே கறுத்தால் சுருட்டு. நித்திரைக்குப் போக முன்பும் சுருட்டு, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். கல்கரிக்குக் கிழக்கே ட்ரம்ஹெல்லர் பக்கம் போகிறபோது இன்னும் கவனம், அங்கே காற்று சொல்லிவிட்டு வராது. ஈரத்தோடு சுருட்ட வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவிடு.

பழைய சீலையை எறியாதே. நல்ல பகுதியை வெட்டி வைத்தால் கூடாரத்துக்குக் கீழே விரிக்கலாம்.

இந்தச் சனிக்கிழமை அளவை மட்டும் எடு. கைக்குக் கை அளவு, மொடல் நம்பர், முனை மூடி இரண்டின் படம், இவற்றை எனக்கு அனுப்பு. உன்னுடையது பின் போடுகிறதா, முறுக்குக் கழற்றுகிறதா என்று அப்பா பார்த்துச் சொல்வார். பிறகு ஓடர் பண்ணு. வேலைசெய்கிற அன்றைக்கு வீடியோ கோல் எடுத்து போனை எங்கேயாவது நிமிர்த்தி வை. அப்பா பக்கத்தில் இருந்து கத்துவார், அதைப் பொருட்படுத்தாதே, நான் சொல்லும்போது மட்டும் நிற்பாட்டு.

அன்புடன்,
அம்மா