அங்கியும் இடைக்கச்சையும்

பாரிஸ்,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது. போட்டோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். மணமேடைப் படத்தில் பட்டுப்புடவையின் மடிப்பில் வெளிச்சம் விழுந்திருக்கிறதே, அதில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். இப்போது துணி மடிப்பு தவிர வேறு எதுவும் என் கண்ணில் படுவதில்லை.

ஒருவர் தன் வீட்டுக் கூடத்துக்கு பிரெஞ்சு ராஜா 14ஆம் லூயியின் படத்தைக் கையால் நகலெடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். 1701இல் ரிகோ வரைந்தது; காலேஜ் நூலகத்தில் உள்ளங்கை அளவில் பார்த்தோமே, அதேதான். இங்கே லூவ்ர் அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தால் 277 சென்டிமீட்டர் உயரம். 63 வயது ராஜா முடிசூட்டு அங்கியில் நிற்கிறார். செங்கோலைத் தலைகீழாக, ஊன்றுகோல் போலப் பிடித்திருக்கிறார். கிரீடம் ஓரத்தில் மெத்தைமேல் இருக்கிறது. நீல வெல்வெட் முழுக்கத் தங்க லில்லிப் பூ, உள்பக்கம் வெள்ளை எர்மின் தோல்.

முகம் நாலு நாளில் முடிந்தது. அங்கி இரண்டு மாதமாக ஓடுகிறது! எர்மின் என்பது கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி. குளிர்காலத்தில் உடம்பு வெளுத்துவிடும், வால்நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்பு நுனிகளை வரிசையாக வைத்தால் துணி தட்டையாகிவிடும். ஒவ்வொன்றும் மடிப்போடு சேர்ந்து சாய வேண்டும். லில்லிப் பூவும் அப்படித்தான். மடிப்புக்குள் போகிற பூ பாதிதான் தெரியும், வளைவில் இருக்கிற பூ ஒடுங்கிக்கொள்ளும். தங்கம் என்று தெரிவதில் தங்கமே கிடையாது. மஞ்சள் காவி, அதன்மேல் சரியான இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். மூன்று முறை சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சந்தேகம் வந்தால் லூவ்ருக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

“நகல் எடுத்தே காலம் போகிறதே, உனக்கென்று எப்போது வரையப் போகிறாய்?” என்று கேட்டிருந்தாய். அக்கறையில் கேட்டாய் என்று தெரியும். ஆனால் இந்த மாதிரிப் படங்கள் பிறந்ததிலிருந்தே நகலோடுதான் வாழ்ந்திருக்கின்றன. ரிகோவின் படமே ஸ்பெயின் அரியணை ஏறிய பேரனுக்கு அனுப்பத்தான் வரையப்பட்டது. பார்த்ததும் லூயிக்குப் பிடித்துப்போய்த் தன்னிடமே வைத்துக்கொண்டார், பேரனுக்கு நகல் எடுக்கச் சொன்னார். முடிசூட்டு உடையில் நெப்போலியனை ஜெரார் வரைந்த படமும் அவருடைய பட்டறையிலிருந்து பல பிரதிகளாக வெளியே போனது. அரசன் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். அவனுடைய உடுப்பு எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்றால் யாராவது உட்கார்ந்து கையால் வரைந்தாக வேண்டும்.

டாவித் தன் படத்தைத் தானே நகலெடுத்தவர், தெரியுமா? நெப்போலியன் முடிசூட்டு விழாவின் அந்தப் பெரிய படத்தை 1807இல் முடித்தார். அடுத்த வருஷமே இரண்டாவதைத் தொடங்கி, நாடு கடத்தப்பட்டு பிரஸ்ஸல்ஸில் இருந்தபோது 1822இல் முடித்தார். அது இப்போது வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. நெப்போலியனின் சகோதரிகளில் ஒருத்திக்கு மட்டும் அதில் ரோஜா நிற உடை. அந்த ஒரு நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, உன் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. யாரும் கேட்காமல், எனக்கென்று ஒரு நகல் எடுக்கப் போகிறேன். டாவித்தின் மாணவர் ஜிரோதே 1797இல் வரைந்த ழான் பாப்டிஸ்ட் பெல்லே. சின்ன வயதில் அடிமையாக விற்கப்பட்டு, பின்னால் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். இன்று ஹைட்டி என்கிற சான் டொமிங்கிலிருந்து பிரெஞ்சு மக்கள் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். 1794 பிப்ரவரி 4 அன்று அந்த மன்றம் அடிமை முறையை ஒழித்தபோது உள்ளே இருந்தார். படத்தில் மன்றப் பிரதிநிதியின் சீருடையில் நிற்கிறார்: கருநீலக் கோட்டு, இடுப்பில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூவண்ணக் கச்சை, தொப்பியிலும் அதே மூன்று நிற இறகுகள். எட்டே வருஷத்தில் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். பெல்லே 1805இல் காவலில் இருந்தபடியே இறந்துபோனார். லூயியின் வெல்வெட்டை இரண்டு மாதம் வரைந்த கைக்கு அந்தக் கச்சையை வரைய எத்தனை நாளானாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

கேன்வாஸ் இழுத்துக் கட்டி, கட்டம் போட்டு வைத்துவிட்டேன். ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறேன். பெல்லே சாய்ந்து நிற்பது ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிலைமேல். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய கறுப்புத் தோல் உயிரோடு மின்ன வேண்டும், சேறாகிவிடக் கூடாது. காலேஜில் மாடல் வகுப்பில் நீ பர்ன்ட் அம்பர் பழுப்போடு அல்ட்ராமரின் நீலம் கலந்து, மேலே எதையோ மெல்லிசாகப் பூசுவாயே, அது என்ன? இங்கே யாரிடமும் கேட்டு எனக்குத் திருப்தி வரவில்லை. அளவோடு எழுது. முடிந்தால் ஒரு துண்டு கேன்வாஸில் தடவி, காயவைத்து, கடிதத்தோடே அனுப்பு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சண்முகம்